வேட்டியின் அந்தப் பக்கம்

எங்களைப் போன்றவர்களைப் பற்றிய படங்களில் யாராவது ஒருவர் செத்தே ஆக வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. ஆணும் ஆணும் காதலித்தால் ஒருவன் ஆற்றோடு போய்விடுவான். பெண்ணும் பெண்ணும் காதலித்தால் ஒருத்தி ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தபடி இருமுவாள். முதல் இருமலிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அப்படிச் சாகாமல் தப்பித்தவர்களும் படம் முழுக்க ஒரு வாய் சோறு சாப்பிடுவதில்லை.

சென்னையில் நடக்கும் பால்புதுமையினர் திரைப்பட விழாவுக்கு நானும் அவனும் முடிந்தபோதெல்லாம் போய்விடுவோம். அவன் என்றால் என்னோடு வாழ்கிறவன். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரன், செம்பட்டிப் பள்ளி ஒன்றில் வாத்தியார். அந்த வருடம் பரீட்சை நேரம் என்று அவனுக்கு லீவு தர மறுத்துவிட்டார்கள். நல்லவேளையாக விழாக்காரர்கள் சில படங்களை வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் விட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் நாங்களே விழா நடத்துவது என்று முடிவானது. சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு தோழியும், வத்தலக்குண்டிலிருந்து ஒரு நண்பனும் வருவதாகச் சொன்னார்கள்.

படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவன் போட்ட நிபந்தனைகள் இரண்டு. யாரும் சாகக் கூடாது, யாராவது சமைக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு படங்களை நானே முன்கூட்டிப் பார்த்தேன். மூன்றில் சாவு. நாலாவது தேறியது. எங்கோ ஒரு குளிர் நாட்டில் படகு ஓட்டும் இரண்டு கிழவர்கள் ஒரு பழைய ஃபிரிட்ஜை மாற்றுவதா வேண்டாமா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போடுகிறார்கள். கடைசியில் ஒரு முத்தம், அவ்வளவுதான். பார்த்து முடித்ததும் இது நம் வீட்டுக் கதை அல்லவா என்று தோன்றியது. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பதிலாகத் தண்ணீர் மோட்டார்.

எங்கள் வீடு என்று சொல்கிறேனே தவிர, அது டீச்சரின் வீடு. டீச்சர் ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், கத்தோலிக்கர். பக்கத்து வீட்டில் அவர் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளமான மாடி, நடுவில் இடுப்பளவுச் சுவர். இதற்கு முன் இருந்த வீட்டில் காரணம் சொல்லாமலே எங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதன்பின் திண்டுக்கல் முழுக்க அலைந்தோம். கல்யாணமாகாத இரண்டு ஆண்களைப் பார்த்ததும் ஒவ்வொரு வாசலிலும் முகம் கோணியது. டீச்சர் ஒருவர்தான் உட்காரச் சொல்லி, "ரெண்டு பேரும் என்ன ஒறவு?" என்று கேட்டார். அவன்தான் முந்திக்கொண்டு, "அத்தை பையன், மாமா பையனுங்க" என்றான். டீச்சர் எங்களைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார். அந்த வீடும் போனால் அடுத்து எந்த வாசலில் போய் நிற்பது என்ற பயம் எனக்குள் எப்போதும் இருந்தது.

திரைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அவன் தன் எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்தான். மத்தியானமே நடுச்சுவர் மேல் போகும் துணிக்கொடியில் அதைச் சுருக்கமில்லாமல் கட்டினான். தெருவிளக்கு வெளிச்சம் விழாமலிருக்க இரண்டு பக்கமும் போர்வைகளைத் தொங்கவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் மாடி. முழங்கால் வலியால் அவர் மேலே ஏறுவதே இல்லை.

அது அக்டோபர். ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் சாயங்காலம் ஒவ்வொரு வீடாகப் போகும். அந்தத் தெருவின் அன்பியம், அதாவது ஒன்றாகக் கூடி ஜெபிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் அந்த வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். அன்று டீச்சர் வீட்டு முறை. ஜெபம் முடிந்து கடைசிப் பாட்டும் ஓய்ந்த பிறகுதான், எல்லாரும் கலைந்திருப்பார்கள் என்று நாங்கள் மாடிக்கு ஏறினோம். டீச்சர் வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் வேலை நடந்ததும், அதனால் அன்றைய ஜெபம் மொட்டை மாடிக்கு மாறியதும் எங்களுக்குத் தெரியாது. போர்வைகளுக்கு அந்தப் பக்கம் அத்தனை பெண்களும் பாயில் உட்கார்ந்து, வாய் நிறையச் சுண்டலோடு இருந்தார்கள்.

படம் ஓடியது. ஒரு கட்டத்தில் கிழவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு பெட்டியோடு கிளம்பிவிடுவார். பாதி வழியில் பிரஷர் மாத்திரை ஞாபகம் வந்து திரும்புவார். வந்து பார்த்தால் மேஜையில் இரண்டு தட்டு. பெட்டியை மடியில் வைத்தபடியே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குவார். நாங்கள் நால்வரும் சிரித்தோம். வேட்டிக்குப் பின்னாலிருந்து பத்துப் பதினைந்து பேர் சிரித்தார்கள்.

வேட்டி மெல்லிசு, படம் அந்தப் பக்கமும் அப்படியே தெரியும் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இன்னும் பத்து நிமிடத்தில் அந்த முத்தம் வரும் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அதுவரை ஃபிரிட்ஜ் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பியாகக்கூட அந்தக் கிழவர்கள் இருந்துவிட்டுப் போகலாம். அதற்குப் பிறகு முடியாது. புரொஜெக்டரை நிறுத்த எழுந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஓடட்டும். சிரிச்சுட்டு இருக்கறாங்கல்ல" என்றான் மெதுவாக.

உட்கார்ந்தேன். தைரியம் ஒன்றும் இல்லை. அவன் பிடி இறுக்கமாக இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவர் மற்றவருக்கு ஸ்வெட்டர் பொத்தான்களைப் போட்டுவிட்டார், பிறகு முத்தம் வந்தது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எழுத்துகள் ஓடி முடிந்தபோது பாய் சுருட்டும் ஓசையும், டீச்சர் ஒவ்வொரு படியாக இறங்கும் ஓசையும் மட்டும் கேட்டன. தோழியும் நண்பனும் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள்.

காலையில் டீச்சர் கேட்டருகே நின்று என்னைக் கூப்பிட்டார். அவன் வாயில் பிரஷ்ஷோடு மேலே ஜன்னலில் நின்றான். நான் அவசரத்தில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"தம்பி, எங்க பக்கம் படத்துக்குக் கீழ ஓடுற எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரிஞ்சுச்சு. ஒண்ணும் படிக்க முடியல."

மன்னிக்கச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. அந்தத் தெருப் பெண்கள் தாங்களாகவே கதையைக் கட்டிக்கொண்டதாகச் சொன்னார். முதலில் வரப்புத் தகராறு என்று நினைத்தார்களாம். பிறகு படகில் பங்கு பிரிக்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாளாம். அந்தப் பெட்டியும் இரண்டு தட்டும் வந்தபோதுதான் எல்லாருக்கும் விஷயம் விளங்கியதாம்.

"அதுக்கு எழுத்து எதுக்கு? நானும் எங்க வீட்டுக்காரரும் கடைசி வரைக்கும் அப்பிடித்தான். கோவிச்சுக்கிட்டு எங்கிட்டுப் போனாலும் சாப்பாட்டுக்கு வந்துருவாரு" என்றார். கண் கலங்கியிருந்தது.

இதற்கு மேல் தாங்க முடியாமல் நேராகவே கேட்டேன். "வீட்டக் காலி பண்ணணுமா டீச்சர்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோணலாக நின்ற என் சட்டையில் அவர் பார்வை நின்றது.

"எதுக்கு? அத்த மகன், மாமன் மகன்னுதான சொல்லி வந்தீங்க. சித்தப்பா மகன், பெரியப்பா மகன்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். இதுல என்ன இருக்கு, மொறை சரியாத்தான இருக்கு?"

என் தொழில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது. யாருக்கு யார் என்ன முறை, யார் யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் தினமும் என் கைவழியாகத்தான் அச்சுக்குப் போகிறது. அந்தப் பொய்யை மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. டீச்சர் முதல் நாளே எங்கள் முறையைக் கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

மேலே போய் அவனிடம் சொன்னேன். பற்பசை நுரையோடு அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டான்.