கையை மட்டும் மூடிக்கொள்ளுங்கள்

எனக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தெரியும் என்று ஓசூரில் ஒரு வதந்தி உண்டு. மூன்றிலும் சண்டை போடத் தெரியும் என்பதுதான் உண்மை. இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடிய யாருக்கும் அந்த அளவு தெரிந்திருக்கும். நான் அதை வைத்துக்கொண்டு இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன். தொழிற்சாலைச் சுவர்களில் மாட்டும் பாதுகாப்புப் போர்டுகளை மூன்று மொழியிலும் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டையும் யாரும் நின்று படிப்பதில்லை என்றுதான் ஐம்பத்து மூன்று வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தகுதியை நம்பித்தான் ஒரு மேடம் என்னைச் சிறைக்குக் கூப்பிட்டார். பெங்களூரிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிற மனநல ஆலோசகர். எந்தச் சிறை என்று எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் என்றோ ஒரு நாள் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. நடந்து முடிந்துவிட்டது என்பது உடம்புக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. அவர்களைக் கூட்டாக உட்காரவைத்துப் பேசவைப்பது மேடத்தின் வேலை. அவருக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான். எட்டில் ஆறு பேருக்குத் தமிழ். தமிழ் தெரிந்த ஆலோசகர் கிடைக்கும்வரை தற்காலிகமாக வாருங்கள் என்றார்கள். தற்காலிகம் ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆகிறது.

வட்டமாக உட்கார வேண்டும் என்பது மேடத்தின் முதல் விதி. சிறையில் யாரும் வட்டமாக உட்காருவதில்லை. ஆள் எண்ணுவதற்காக இரண்டிரண்டு பேராக வரிசையில் உட்கார்ந்து பழகியவர்கள். வரிசையைக் கலைத்தபோது இன்னொன்று தெரிந்தது: எட்டுப் பேருக்கும் முதுகுக்குப் பின்னால் சுவர் வேண்டும். கடைசியில் மூன்று சுவர் ஓரமாகவும் அவர்கள் உட்கார, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடமும் நானும் உட்கார்ந்தோம். அதற்கு வட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது விதி எனக்கு. மொழிபெயர்க்கும்போது 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக் கூடாது. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஆகவே முதல் மாதத்திலேயே நான் கன்னடத்தில் இரண்டு கொலைகளையும் ஒரு லாரிக் கடத்தலையும் ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் மனைவி, "பால் வாங்கிட்டு வந்தீங்களா" என்பாள். அந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வேன்.

எட்டுப் பேரில் ஒருவர் சிங்காரப்பேட்டைக்காரர். ஓசூர்ப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஆபரேட்டராக இருந்தவர், நாற்பது வயது இருக்கும். வெளியே இரும்புக் கதவின் தாழ்ப்பாள் விழும்போதெல்லாம் அவருடைய வலது கை தானாக இடது அக்குளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்தக் கைக்கு ஒரு கீறல்கூடக் கிடையாது. ஐந்து விரலும் இருக்கிறது.

நாலாவது வாரம்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு பட்டன் சார் அதுக்கு. ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்குனாத்தான் பிரஸ் எறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னு அப்பிடி வெச்சிருக்கறது. எங்க சூப்பர்வைசர் ஒரு பட்டன டேப் போட்டு ஒட்டிட்டாரு. ஒரு கையால அமுக்கு, இன்னொருத்தன் தகடு வெக்கட்டும், வேலை ஓடும்னாரு. ஓடுச்சு. தகடு வெச்சது என் மச்சான். என் சம்சாரத்தோட தம்பி. நான்தான் வேலைக்குச் சேத்துவிட்டன். அன்னிக்கு நான் அமுக்கனன். அவன் கை உள்ள இருந்துச்சு."

பிறகு நடந்ததை அவர் வேகமாகச் சொல்லி முடித்தார். பக்கத்தில் கிடந்த இரும்புப் பட்டையை எடுத்துச் சூப்பர்வைசரை அடித்தார். அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். "அவரு வீட்லயும் என்னை நெனச்சுட்டு யாரோ தூங்காமதான இருப்பாங்க" என்றார். மச்சானின் கை என்ன ஆனது என்று அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. போலீஸ் அவரை அந்த பிரஸ் இருந்த வழியாகவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாராம்.

எழப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "அந்த பிரஸ்ஸுக்கு மேல ஒரு போர்டு இருக்கும் சார். மாப்பிள்ளை படம் போட்டு, 'மாப்பிள்ளே, மோதிரம் போட விரல் வேணும், பாத்து'ன்னு. அவனுக்கு அப்பத்தான் நிச்சயம் ஆயிருந்துச்சு. தெனமும் ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப அதைச் சத்தமாப் படிச்சுட்டுத்தான் கை வெப்பான்."

அந்தப் போர்டை எழுதியவன் நான். மூன்று மொழியிலும். எழுதிய அன்று மனைவியிடம் படித்துக் காட்டி, அவள் சிரிக்கும்வரை அடுப்படியை விட்டு நகராமல் நின்றிருந்தேன்.

மேடத்துக்குக் கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிரஸ், டேப், கை, இரும்புப் பட்டை. போர்டை மட்டும் விட்டுவிட்டேன்.

மேடம் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கடைசியில் நிறையப் பேசினாரே, நீங்கள் சொன்னது கொஞ்சமாக இருக்கிறதே என்றார். கம்பெனி போர்டு பற்றி ஏதோ சொன்னார், முக்கியமில்லை என்றேன். "கட் மாட்பேடி சார்" என்றார் மேடம், வெட்டாதீர்கள் என்று. எது முக்கியம் என்று நாம் இரண்டு பேரும் முடிவு செய்வதற்காக அவர் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை என்றும் சொன்னார். தலையை ஆட்டினேன். தலையாட்டுவது மூன்று மொழியிலும் எனக்குச் சுத்தமாக வரும்.

உறவினர்கள் வந்து வலைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதைச் சிறையில் மனு என்பார்கள். மச்சான் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மனு போட்டுவிட்டு வந்து நிற்பதும், பார்க்க இஷ்டமில்லை என்று ஆபரேட்டர் சொல்லி அனுப்புவதுமாக ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது. இப்போது தீர்ப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. தண்டனை ஆனால் தூரத்து மத்திய சிறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மச்சான் இப்போது ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். அவ்வளவு தூரம் போய் வர லீவு கிடைக்காது.

"அதுக்கு முன்ன ஒரு தடவ அவன் கையப் பாத்துடணும்" என்றார் ஆபரேட்டர். "பாக்காததனாலதான் சார் தெனமும் பாத்துட்டே இருக்கறன்."

இதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன். மேடம் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஏழெட்டு வாரம் அறை முழுக்க அந்த ஒரு கைக்குத்தான் வேலை செய்தது. தாழ்ப்பாள் விழும்போது கையை முட்டிமேல் வைத்துக்கொண்டு மூச்சு விடப் பழகினார் ஆபரேட்டர். முதலில் ஒரு மூச்சு, பிறகு மூன்று. அப்புறம் ஒத்திகை. ஒரு நாற்காலியின் முதுகுதான் வலை. அதற்கு அந்தப் பக்கம் மச்சானாக, எட்டுப் பேரில் மூத்தவரான கிருஷ்ணகிரி வியாபாரி, எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறவர்.

"பாய், என் மச்சான் உங்களாட்டம் கெழவன் இல்ல."

"ஒரு வருசமா உனக்காக வெளிய நின்னிருக்கறான்ல. வயசாயிருக்கும், விடு. எத்தனை வெரல மடக்கணும், சொல்லு."

ஆபரேட்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "தெரியல பாய். நான் பாக்கல" என்றார்.

பாய் நாலையும் மடக்கிக்கொண்டார். "எல்லாம் போச்சுன்னே வெச்சுக்க. அங்க ஒண்ணு ரெண்டு கூட இருந்தா லாபம்தான."

அந்தக் கையை ஆபரேட்டர் பார்த்தார். அழுதார். மறுவாரமும் பார்த்தார். அதற்கடுத்த வாரம் அழவில்லை. மனுவுக்கு வரச் சொல்லி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

மனு நாளும் எங்கள் நாளும் ஒன்றாக அமைந்தது. காலையில் சிறைக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர் கண்ணாடி கிளாஸைக் கட்டை விரலாலும் சுண்டு விரலாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் மூன்றும் இல்லை. தோளில் வெள்ளைத் துண்டு.

"வாரா வாரம் உள்ள போறவரு நீங்கதான சார்" என்றார். "மாமா எப்பிடி இருக்கறாரு?"

அறைக்குள் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது மூன்றாவது விதி. நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"வரச் சொன்னாராம். ராத்திரியெல்லாம் எங்கக்கா அழுதுட்டே இருந்துச்சு. என்னைப் பாத்தா அவருக்கு ஒண்ணும் ஆயிடாதே சார்?"

இந்த இடத்தில் நான் டீயைக் குடித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். கேட்டவர் முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். அது என் போர்டுக்குக் கீழே போன கை. ஒத்திகையில் ஆபரேட்டர் அழுததுதான் நினைவுக்கு வந்தது, சும்மா நிற்க முடியவில்லை. "ஒன்றும் ஆகாது. கையை மட்டும் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் கிளாஸை வைத்துவிட்டுத் தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். சுற்று அவிழாமல் இருக்க நுனியை நானே உள்ளே செருகிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு உருப்படியாக ஒரு காரியம் செய்த திருப்தியோடு, போனைக் கேட்டில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனேன்.

மத்தியானம் ஆபரேட்டர் சுவரோரம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். பாய்தான் கேட்டார்: "பாத்தியா?"

"போனன். நின்னான். கையில துண்டச் சுத்திட்டு நின்னான். 'நல்லாருக்கறன் மாமா, நல்லாருக்கறன் மாமா'ன்னே சொல்லிட்டு இருந்தான். நேரம் முடியற வரைக்கும் கைய வெளிய எடுக்கல." சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "எனக்குக் காட்ட அவனுக்கு மனசில்ல. அமுக்குனவனுக்கு எதுக்குக் காட்டணும். சரிதான்."

என் முறை. எனக்குக் காட்ட அவனுக்கு மனசில்லை என்று கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வார்த்தை நின்றுவிட்டது. மூடச் சொன்னது நான்தான் என்று முதலில் கன்னடத்தில் சொன்னேன். ஆபரேட்டருக்குப் புரியாத மொழியில் ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது. மேடம் சுவரோரம் இருந்த ஆபரேட்டர் பக்கம் கையைக் காட்டினார். திரும்பித் தமிழில் சொன்னேன். டீக்கடை, துண்டு, நுனியைச் செருகியது. போர்டையும் சொன்னேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச ஆளு" என்றார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

ஆபரேட்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்த போர்டு நீங்க எழுதுனதா" என்றார். "நெசமாலுமே சிரிப்பான் சார் அதைப் படிச்சுட்டு." பிறகு முன்னால் சாய்ந்தார். "அப்ப நீங்க கையப் பாத்திருக்கறீங்க. எத்தனை வெரல் இருக்குது?"

"இரண்டு. கட்டை விரலும் சுண்டு விரலும்."

அவர் தன் வலது கையைத் தூக்கி நடு மூன்று விரலையும் மடக்கிப் பார்த்தார். "டீ கிளாஸு பிடிக்க வருமா?"

"பிடித்தார். சிந்தவில்லை."

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. மூன்று விரல் மடங்கியபடியே அந்தக் கை அக்குளுக்குள் போனது.

கேட்டில் போனை வாங்கியதும் மச்சானைக் கூப்பிட்டேன். அடுத்த மனுவுக்குத் துண்டு வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்கதான சார் மூடச் சொன்னீங்க."

"ஆமாம். தப்பு. மாமா உங்கள் கையைப் பார்க்கத்தான் வரச் சொல்லியிருந்தார். எத்தனை விரல் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்."

"உங்ககிட்டயா" என்றார். மறுபடி லாரி. "பதினஞ்சு நாள் பொறுங்க சார், லீவு சொல்லிட்டு வர்றன். நேர்லயே எண்ணிக்கட்டும்."

பன்னிரண்டாவது நாள் தீர்ப்பு வந்தது. மனுவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் ஆபரேட்டரை வண்டியேற்றிவிட்டார்கள். பஸ் மாறி மாறிப் போனால் ஒரு பகலும் பாதி ராத்திரியும் ஆகிற ஊர். மச்சான் அங்கே போனாரா, போனால் கையைக் காட்டினாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டு தடவை அவர் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தவில்லை.