பெட்டிக்கு நான் போர்த்திய ஈரச் சாக்கு

சுனாமியாகக் கடல் வந்து போன அடுத்த வருடம், ஆடி மாத வெயிலில் நடந்தது இது. முல்லைத்தீவில், கடற்கரை வீதியிலிருந்து சற்று உள்ளே, தகரம் போட்ட ஓர் அலுவலகத்தில் நான் வேலை செய்தேன். கூட்டித் துடைப்பது, எல்லோருக்கும் தேநீர் போடுவது. இரக்கப்பட்டுத் தந்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். முகாமில் என் கொட்டில் இருந்த துப்புரவைப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குப் பொறுப்பான ஐயா தானே தேடிவந்து கேட்டார். என் கைபட்டது எதுவும் கெட்டுப்போனதில்லை. நான் காயவைத்த கருவாடு ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தாலும் புழுவைக்காது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனபடியால் மெதுவாக, ஆறுதலாகவே சொல்கிறேன்.

அந்த அலுவலகத்தின் வேலை இதுதான். எங்களுடைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் கடலோடு போய்விட்டன. நான் இன்னார் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் ஊரே நின்றது. ஆனால் சண்டை நின்று சமாதானம் வந்த புதிதில், நாங்கள் திரும்பிவந்து குடியேறியபோது, குடும்பம் குடும்பமாகப் பெயர் பதிந்து படம் எடுத்திருந்தார்கள். அந்தப் பதிவு கிளிநொச்சியில் ஒரு கொம்பியூட்டருக்குள் இருந்ததால் தப்பிவிட்டது. அந்தப் பெட்டியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து வைத்து, படத்தையும் பெயரையும் ஒத்துப்பார்த்து, ஆட்களுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் வீட்டுத்திட்டத்தில் பெயர் விழும்.

அந்தப் பெட்டிக்குள் என் தங்கையும் இருந்தாள்.

கடல் கொண்டுபோனவள். அவளுடைய படம் வேறெங்கும் இல்லை. வீட்டில் இருந்த அல்பம் வீட்டோடு போய்விட்டது. பதிவுக்குப் படம் எடுத்த அன்று, "பொட்டுச் சரியா இருக்கோ அக்கா?" என்று அவள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். அதனால் வாய் கொஞ்சம் திறந்தபடி. பெட்டியில் வேலை செய்த பிள்ளை நல்ல மனசுக்காரி. தினமும் மத்தியானம் சாப்பிடப் போகுமுன், "ஆச்சி, வாங்கோ, தங்கச்சியைப் பாருங்கோ" என்று திறந்துவிடுவாள். நான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் நின்று பார்ப்பேன்.

அவர்கள் சாப்பிடப் போனால் அறையில் நானும் பெட்டியும்தான். தகரக் கூரை அனலாய்க் கொதிக்கும். ஒருநாள் தூசி தட்டும்போது பெட்டியைத் தொட்டால், காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. மீன் கூடை வெயிலில் இருந்தால் நாங்கள் என்ன செய்வோம்? சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து மேலே போடுவோம். அதையேதான் செய்தேன். முன் கிணற்றில் சாக்கை முக்கி, சொட்டுச் சொட்டாக விழாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, பெட்டியின் தலையிலும் முதுகிலும் போர்த்தினேன். அவர்கள் திரும்பிவரும் நேரம் எடுத்து வேலியில் காயப்போட்டுவிடுவேன். ஒளிக்க வேண்டும் என்று இல்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டா செய்வது? தொட்டுப் பார்த்தால் பெட்டி குளிர்ந்திருக்கும். எனக்கு ஒரு நிம்மதி.

மூன்று கிழமை போயிருக்கும். பெட்டி இடையிடையே நிற்கத் தொடங்கியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழைபோல ஓடும். பிள்ளை நிறுத்தி மறுபடி எழுப்புவாள். ஒருநாள் எழுப்பியும் எழவில்லை. டிஸ்க்கைக் காணவில்லை என்று இங்கிலீசில் எழுதிவிட்டு நின்றுவிட்டது. எல்லாருடைய பெயரும் படமும் அந்த டிஸ்க்கில்தான் என்று பிள்ளை சொன்னாள். வேறு பிரதி இல்லையா என்று கேட்டேன். ஒன்று கிளிநொச்சியில் இருக்கிறதாம். ஆனால் அது எங்கள் ஊரைப் பதியுமுன் எடுத்ததாம்.

வெளியே வரிசையில் நின்றவர்கள் விடுவார்களா?

"கடல் கொண்டுபோனது போக மிச்சத்தை இந்தப் பெட்டி விழுங்கிட்டுதோ?" என்று வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டி கத்தினார். "நான் செத்தவனோ, உயிரோட இருக்கிறவனோ? அதையாவது கேட்டுச் சொல்லுங்கோ!"

ஐயா அந்தக் கோபத்தைப் பிள்ளைமேல் கொட்டினார். "நீதான் எதையோ தட்டி அழிச்சிருக்கிறாய். வேற ஆர் அதில கைவைக்கிறது?"

"சத்தியமா இல்லை ஐயா." அவள் கண் நிறைந்துவிட்டது.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று இரவு பாயில் படுத்தபோது, என் தங்கையைத் தொலைத்துவிட்டாளே என்று அவள்மேல் என் மனதிலும் துருப்போல ஒரு கறள் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து பழுது பார்ப்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பெட்டியைத் தொடுமுன் என்னிடம் ஒரு பாய் கேட்டு, ஒரு மூலையில் தொழுதுவிட்டு வந்தார். இளவயதில் இடம்பெயரும்வரை அவரும் இந்த ஊர்தானாம். அவருடைய வாப்பா சந்தியில் வள்ளத்துக்கு ஆணியும் கயிறும் விற்றவர். அந்தக் கடையில் நான் கயிறு வாங்கியிருக்கிறேன்.

ஏதோ சுத்தியல், குறடு எடுப்பார் என்று பார்த்தால், அவர் முதலில் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்கோ ஆச்சி, நீங்களும் கேளுங்கோ" என்றார். வைத்தேன். தூரக் கடலில் எஞ்சின் வள்ளம் ஓடுவது போல ஒரே சீராக ஓர் இரைச்சல். உள்ளே டிஸ்க்கின் தட்டு சுற்றுகிறதாம், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று. தட்டில் உரசல் சத்தம் இல்லை, அது நல்ல சகுனம் என்றார்.

பெட்டி தானாக எழாது என்பதால், தன் பையிலிருந்த ஒரு சீடி வட்டைப் போட்டு அதை எழுப்பினார். இந்தப் பெட்டி லினக்ஸ் என்ற முறையில் ஓடுவதாம், அதற்கு இப்படி ஒரு வழி உண்டாம். டிஸ்க் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அதில் எதையும் எழுதவிடாமல், வாசிக்க மட்டும் விட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். ஒவ்வொரு முறையும் பிழை வந்த இடத்தின் இலக்கத்தைக் கடதாசியில் எழுதினார். கடைசியில் பேனையைக் கீழே வைத்தார்.

"தட்டில காயமெண்டால் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில நோகும்," என்றார் பிள்ளையிடம். "இது ஒருக்கா இங்க, ஒருக்கா அங்க. இடம் மாறி மாறி நோகுது. நோய் தட்டில இல்லைப் போல. தட்டுக்கும் மூளைக்கும் நடுவில நிண்டு கொண்டுவந்து குடுக்கிற ஒருத்தன் இருக்கிறான், கொன்ரோலர் எண்டு. அவனிலதான் சந்தேகம்."

இணைத்த வயரை மாற்றினார். கொஞ்ச நேரம் சரியாக இருந்து, மறுபடி அதே கதை. அதற்கிடையில் பெட்டி எழுதிவைத்த குறிப்பு அவர் கைக்கு வந்துவிட்டது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. அந்தப் பெட்டி தனக்கு நொந்த ஒவ்வொரு தடவையையும், திகதி, மணி, நிமிடத்தோடு உள்ளே எழுதி வைத்திருக்கிறது! யாரும் கேட்கவில்லை, யாரும் வாசிக்கவில்லை. அது பாட்டுக்கு எழுதியிருக்கிறது. மனுசருக்கு நொந்தால் ஊரைக் கூட்டுவோம். இது ஒரு சத்தமும் போடாமல் எழுதிவிட்டு, மறுபடி வேலையைச் செய்திருக்கிறது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

அவர் விரலால் தடவித் தடவி வாசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"விடியப்புறம் ஒண்டும் இல்லை. காலமை ஒண்டும் இல்லை. வேலை நாளெல்லாம் பன்ரண்டே முக்காலுக்குத் தொடங்குது. ரண்டு மணிக்குப் பிறகு குறையுது. ஞாயிற்றுக்கிழமையில ஒண்டுமே இல்லை. அந்த நேரம் இங்க என்ன நடக்கிறது?"

"நாங்கள் சாப்பிடப் போற நேரம்," என்றார் ஐயா. "ஒருத்தரும் இருக்க மாட்டினம்." சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். "நீ இடையில வந்து என்னவும் செய்தனியோ?"

அந்தப் பெட்டி எழுதிய கணக்கு முழுவதும் என் கையின் கணக்கு. சாக்குப் போட்ட நேரம், எடுத்த நேரம். யன்னலுக்கு வெளியே சம்மாட்டி முதல் பத்துப் பதினைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. பிள்ளை தலை குனிந்து நின்றாள். அவள்தானே எனக்குத் தினமும் என் தங்கையைக் காட்டியவள்.

"பிள்ளையை ஏசாதேங்கோ ஐயா," என்றேன். "அந்த நேரம் நான்தான் நிக்கிறனான். பெட்டி காய்ச்சல் மாதிரிச் சுட்டுது. மீன் கூடைக்குப் போடுற மாதிரி ஈரச் சாக்குப் போட்டனான்."

யன்னலுக்கு வெளியே, "ஆச்சி கொம்பியூட்டரைக் கருவாடு ஆக்கிப்போட்டா!" என்று சம்மாட்டி சொல்ல, எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பழுது பார்ப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்தக் கிணத்துத் தண்ணி, ஆச்சி?"

"முன் கிணறு."

கடல் புகுந்த கிணறு. எத்தனை தரம் இறைத்தும் உவர் போகாத கிணறு. அந்தத் தண்ணீரில் நாங்கள் வாய்கூடக் கொப்புளிப்பதில்லை.

அவர் ரோர்ச் அடித்துப் பெட்டியின் உள்ளே காட்டினார். பின்பக்கமாக, அந்தக் கொன்ரோலர் இருக்கும் இடத்தில், ஊசி ஊசியாக நின்ற முனைகளில் பச்சை பூத்திருந்தது. வள்ளத்துச் செப்பாணியில் பூக்குமே, அதே பச்சை. எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. வீட்டையும் தங்கையையும் கொண்டுபோன அந்தக் கடலை, மிச்சம் இருந்த ஒரு படத்துக்கும் நானே சாக்கில் நனைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

"எழும்புங்கோ ஆச்சி. இன்னும் முடியேல்லை," என்றார் அவர்.

பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகைத்துண்டு எடுத்தார். அதுவும் ஒரு கொன்ரோலர்தானாம். சோதனைச் சாவடியில் இது என்ன, எதற்கு என்று ஒரு மணித்தியாலம் மறித்து வைத்துவிட்டுத்தான் விட்டார்களாம். அதை வேறோர் இடத்தில் செருகி, பழையதிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி இதில் பூட்டினார். மறுபடி வாசிக்கவிட்டார். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றுமுறை. கடதாசியில் எழுத ஓர் இலக்கமும் வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் புதிய டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்தார். அது முடியப் பின்னேரம் ஆகிவிட்டது.

முடிந்ததும் பிள்ளை வேறு யாருடைய பெயரையும் தேடவில்லை. என் தங்கையைத்தான் திறந்தாள். பொட்டு, திறந்த வாய், எல்லாம் அப்படியே. ஒரு பொட்டுக்கூடக் கலையவில்லை. அவள் எங்கும் போகவில்லை. அத்தனை நாளும் அந்தத் தட்டில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். வரும் வழியில்தான் நான் உப்பைக் கொட்டியிருக்கிறேன்.

பழுது பார்ப்பவர் அந்தப் படத்தை அச்சடித்து என் கையில் தந்தார். "நல்ல தண்ணியெண்டாலும் போடாதேங்கோ. ஆனால் நீங்கள் நினைச்சது பிழையில்லை ஆச்சி. சூடு இதுக்கு நஞ்சு. பெட்டியைப் போர்த்தாமல் கூரையைப் போர்த்துங்கோ," என்றார்.

அடுத்த கிழமை முழுதும் தென்னோலையில் கிடுகு பின்னினேன். தகரத்துக்கு மேலே இரண்டு வரிசை. பிள்ளை கைகொடுத்தாள். சிரித்த அந்தச் சம்மாட்டிதான் ஏறிக் கட்டியவர். தனக்குக் கடிதம் கிடைத்துவிட்டது என்று கூலி வாங்கவில்லை. அதன்பிறகு அந்தப் பெட்டி, நான் இருந்தவரை ஒருநாளும் நிற்கவில்லை.

பிற்காலத்தில் மறுபடி சண்டை வந்தபோது, எல்லோரையும் போல நானும் ஊர் ஊராக ஓடி, செட்டிகுளத்து முகாமில் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெட்டி என்ன ஆனதோ தெரியாது. படம் மட்டும் இரண்டு பொலித்தீன் பைக்குள் என் இடுப்போடு வந்தது. தங்கை இன்றைக்கும் வாய் திறந்தபடி பொட்டுச் சரியா என்று கேட்கிறாள், சரிதான் என்று சொல்லுகிறேன். ஆனால் ஏதாவது ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று யாராவது வந்து சொன்னால், யாரால் என்று கேட்குமுன் என் கண் முதலில் என் கைகளைத்தான் பார்க்கிறது.