கண் வைக்காத நாகம்

கிடார் செய்யத் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓசூரில் ஒரு வார்ப்பாலையின் பேட்டர்ன் ஷாப்பில் எனக்கு வேலை. இரும்பை உருக்கி ஊற்றி எடுக்க வேண்டிய பாகத்தை முதலில் மரத்தில் செய்து கொடுப்போம், அவ்வளவுதான். மரத்தில் பம்பு செய்கிறவன் கிடார் செய்யமாட்டானா என்று மெஷின் ஷாப்பில் இருந்த ஒருவர் தானாகவே முடிவு கட்டிவிட்டார். கன்னடக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரில் ஒரு கச்சேரிக் குழுவில் வாசிப்பவர். உடைந்த பழைய கிடார் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, இதே அளவில் ஒன்று வேண்டும், ஆனால் கழுத்து நெடுக வெள்ளைச் சிப்பியில் ஒரு நாகம் பதித்திருக்க வேண்டும் என்றார். நாகம் அவர்கள் வீட்டுத் தெய்வமாம். இதெல்லாம் ஒரு வேலையா என்று வாய்ச்சவடால் விட்டு ஒத்துக்கொண்டேன். எண்பதுகளின் கடைசி அது.

அப்போது என் மனைவி மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டாவதும் போன பிறகு, குழந்தை என்ற பேச்சையே எடுக்காமல் இருக்க நாங்கள் பழகியிருந்தோம். இந்த முறை உத்தனப்பள்ளியில் அவள் அம்மா வீட்டுக்குக்கூட அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவள் தைரியசாலி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து நிலக்கடலை உரித்துத் தின்றபடி என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். பயப்படுவது முழுக்க என் இலாகா. ஆனால் கேண்டீனில் நான் யார் தெரியுமா? சாமியாவது பூதமாவது என்று மேசையைத் தட்டிப் பேசுகிற ஆள்.

கிடாரின் உடம்பு வேலை ஒழுங்காக வந்தது. ஈட்டி மரப் பலகையைச் சீவி, நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைக்கும்போது எந்த நொடியில் உடையுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். உடையவில்லை. பிறகு கழுத்தின்மேல் ஒட்டுகிற விரல் பலகை. சிப்பியைத் தட்டார் வைத்திருக்கும் நூல் ரம்பத்தில் அறுத்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி தெரியாமல் சேர்த்து, வளைந்து நெளிந்து போகிற ஒரே நாகமாகப் பதித்தேன். தேய்த்து மெருகேற்றியதும் உயிருள்ளதுபோலப் பளபளத்தது. அதன் கண்ணுக்கு வைக்கச் சொல்லி, உடைந்துபோன தன் கவரிங் தோட்டிலிருந்து இரண்டு சிவப்புக் கல்லை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள் மனைவி.

அடுத்த ஞாயிறு வாசலில் உட்கார்ந்து ரம்பத்தைக் கையில் எடுத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. விரல் பலகையின் குறுக்கே வரிசையாக, சுரம் பிரிக்கிற சின்னக் கம்பிகளைப் பதிக்க வேண்டும். அதற்குக் குறுக்குப் பள்ளமாகக் காடி அறுக்க வேண்டும். ஒவ்வொரு காடியும் நாகத்தின் உடம்பை வெட்டிக்கொண்டுதான் போகும். எங்கள் ஷாப்பில் எதையும் முழு உருவமாகச் செய்துவிட்டுப் பிறகுதான் இரண்டாகப் பிளப்போம். கை அந்தப் பழக்கத்திலேயே போய்விட்டது. காடியை முதலில் அறுத்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றார். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், பால்காரனோடு கன்னடம் அவருக்கு. பலகையைக் குனிந்து பார்த்தார்.

"மாசமா இருக்கற வீட்ல ஆம்பளைங்க பாம்ப அடிக்கவே கூடாது நாயனா. நீ இன்னாடான்னா துண்டு துண்டா அறுக்கறன்னு உக்காந்திருக்கற."

இது வெறும் சிப்பிம்மா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரெண்டு போயிருக்குது, பாத்துக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரம்பத்தை நாகத்தின் கழுத்தில் வைத்தேன். கை நகரவில்லை. அடேய், நீயெல்லாம் பேச்சாளனா என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி வைத்தேன். உள்ளே அவள் இருமுகிற சத்தம் கேட்டது. வெறும் இருமல்தான். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். பலகையைத் துண்டில் சுற்றிப் பரண்மேல் போட்டேன்.

புதிதாக ஒரு பலகை எடுத்தேன். காடிகளை முதலில் அறுத்தேன். பிறகு இரண்டு காடிகளுக்கு நடுவில் அடங்குகிற மாதிரி ஒவ்வொரு துண்டாகச் செய்து பதித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் முழு நாகம். ஆனால் எந்த இடத்திலும் நான் ஒரு நாகத்தை வெட்டவில்லை, சேர்க்கத்தான் செய்தேன். யாரிடம் இந்தக் கணக்கை ஒப்பிக்கப்போகிறேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எதற்குப் புதுப் பலகை என்று கேட்டாள் மனைவி. பழையது விரிசல் விட்டுவிட்டது என்றேன். பரணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றாள்.

கண் மட்டும் வைக்கவில்லை. கோயில் சிலைக்குக்கூடக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். கண் இல்லாதவரை அது நாகம் இல்லை, சிப்பிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கன்னடக்காரர் வந்து பார்த்து, கண் எங்கே என்றார். பிரசவம் முடியட்டும் என்றேன். மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

வலி வந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் காலையில் பெண் பிறந்தாள். உயிரோடு, நல்ல அழுகையோடு. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

வெயில் ஏறியது. பால் குடித்தாள், அழுதாள், தூங்கினாள். கண் திறக்கவில்லை. நர்ஸிடம் கேட்டேன். இமை வீங்கியிருக்குது, தானா தொறக்கும், போய் டீ குடிச்சிட்டு வாங்க என்றார். கண் வைக்காமல் விட்டது யார்? நான்தானே. வெட்டினால்தான் குற்றம் என்று நினைத்தேன், குருடாக விட்டதை நினைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். மனைவியிடம் இதோ வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, கை டிரில்லில் இருப்பதிலேயே சன்னமான பிட்டை மாட்டி, நாகத்தின் தலையில் இரண்டு குழி போட்டேன். முதல் கல் உட்கார்ந்தது. இரண்டாவது இடுக்கியிலிருந்து துள்ளி மரச்சீவலுக்குள் விழுந்துவிட்டது. மண்டி போட்டுத் தேடினேன். சீவலைக் கைகொள்ளும் மட்டும் அள்ளி, ஊதி ஊதிப் பார்த்தேன். ஒரு கண்ணோடு அந்த நாகம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அழுதேவிட்டேன். என் பொண்ணுக்குத் தா, தா என்று யாரையோ கெஞ்சினேன். கேண்டீன் ஆட்கள் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். கடைசியில் என் சட்டை மடிப்பிலேயே கிடந்தது கல். பசை வைத்து அழுத்தி, காயக்கூட விடாமல் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தை அவள் பக்கத்தில் கண் மூடிப் படுத்திருந்தது. அவள் என் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் முழுக்கப் பசையும் மரத்தூளும்.

"ரெண்டு கண்ணும் வெச்சிட்டீங்களா?" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"அந்தத் தீப்பெட்டிய தெனமும் தொறந்து பாத்துட்டுதான இருந்தேன். கல்லு உள்ளயே கெடந்துது."

அதற்குள் குழந்தை அசைந்தது. இமை பிரிந்து, கறுப்பாக இரண்டு கண்கள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தன. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க கெளம்பி வாசப்படி தாண்டறதுக்குள்ளயே கண்ண முழிச்சிட்டா" என்றாள் அவள்.

அப்போதே கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன். அவள் குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள்.

"கூப்பிட வாயெடுத்தேன். எதுக்கும் வெச்சிட்டே வரட்டும்னு இருந்துட்டேன்."