காது டீச்சரும் நாலு சொட்டும்

“கேட்டா மட்டும் அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. சும்மா இருக்கிறது ஒண்ணும் குத்தமில்ல.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதைச் சோதிக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் பெரியவர் தலையாட்டுகிறார். தலையில் ஹெட்போன், கையில் ஒயர் வைத்த ஒரு பொத்தான். அவர் அமுக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் டீச்சரின் கருவியில் ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டும். டீச்சர் எப்போதும் பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சத்தத்தை அனுப்புவார். நேராக உட்கார்ந்தால் அவர் தோள் அசைவதைப் பார்த்தே அமுக்கிவிடுகிறார்களாம். நடுநடுவே எதையும் அனுப்பாமல் வெறுமனே இருப்பார். அப்போதும் விளக்கு எரிந்தால் மைக்கை இழுத்து, “யாரை ஏமாத்துறீங்க? என்னையா, உங்க காதையா?” என்பார். பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் அந்தக் கூண்டுக்குள் பள்ளிப் பிள்ளை மாதிரி அசடு வழிவதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளின் காதைச் சோதித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் ‘காது டீச்சர்.’ இப்போது சொந்தமாக ஒரு சின்ன கிளினிக். வயது ஐம்பத்து நாலு. கையில் வளையல் கிடையாது, செருப்புக்கு ரப்பர் அடி, சுவரில் டிக்டிக் சொல்லாத கடிகாரம். வீட்டில் மொறுமொறு பிஸ்கட் தின்ன வேண்டுமென்றால் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட வேண்டும். பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் ஹார்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இறங்க மாட்டார். யாராவது குரலை உயர்த்தினால் இவர் குரலைத் தாழ்த்துவார். எதிராளிக்கு ஒன்றும் கேட்காமல் போய், சண்டை தானாக நின்றுவிடும்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு மனிதர் போடும் சத்தத்துக்கு மட்டும் அடிமை. அவர்தான் சுவிட்ச் மாஸ்டர்.

மாஸ்டர் வாசிப்பதெல்லாம் மின்கருவிகள். அந்தக் காலத்தில் பெரிய வித்வான்கள், “சுவிட்சைப் போட்டா பாட்டு, அணைச்சா அமைதி, இதுல வித்தை எங்கே இருக்கு?” என்று கிண்டலடித்தார்கள். ரசிகர்கள் நாங்கள் அந்தக் கிண்டலையே பட்டமாக்கி அவர் தலையில் சூட்டினோம். எங்கள் கோஷ்டியில் இருநூறு பேர் தேறுவோம். டீச்சரின் அண்ணன்தான் தலைவர். லாரி ஆபீஸ் வைத்திருக்கிறார், அறுபத்தொன்று, மூக்குக்கு மேல் கோபம். மாஸ்டரின் முதல் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். வீட்டில் இருந்தது ஒரே ஹெட்போன். அதன் வளையத்தை விரித்துப் பிடித்து, இடது பக்கம் அண்ணன் காதிலும் வலது பக்கம் தங்கை காதிலுமாகக் கேட்டு வளர்ந்தவர்கள். இன்றைக்கும் அவர் தங்கையைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கிளினிக்கில் டீச்சரை அப்படிக் கூப்பிடும் தைரியம் வேறு யாருக்கும் கிடையாது.

போன மாதம், பதினோரு வருடம் கழித்து, மாஸ்டர் மேடை ஏறினார். வயது எழுபத்து மூன்று. மூன்று கீபோர்டுகள், கொத்துக் கொத்தாக ஒயர்கள், துணைக்கு ஒருவரும் இல்லை. உள்விளையாட்டரங்கம் நிரம்பி வழிந்தது. போகும்போது ஒரே கோஷ்டியாகப் போன நாங்கள் வரும்போது ஆளுக்கொரு கட்சி. பல் டாக்டர் ஒருவர் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அழுதுகொண்டே இருந்தார். டயர் கடைக்காரர், “கேசட்ல இருந்த வேகம் எங்க சார்? இழுத்து இழுத்து உயிரை வாங்கிட்டாரு” என்றார். “லைட்டு ஜாஸ்தி, பாட்டு கம்மி” என்று ஒருவர். தனக்குப் பிடித்த பாட்டை வாசிக்கவில்லையென்று ஒரு மனிதர் காரில் ஏறி உட்கார்ந்து உம்மென்று இருக்க, அவர் மனைவி கை சிவக்கத் தட்டிவிட்டு வந்து, “இன்னொரு தடவை டிக்கெட் கிடைக்குமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதெல்லாம் எந்தக் கச்சேரியிலும் உள்ளதுதான். எங்களைப் பிளந்தது நாலு சொட்டு.

மாஸ்டரின் பேர்போன வாத்திய இசைக்கு ‘மூன்றாம் நடைமேடை’ என்று பெயர். ரயில் கிளம்புகிற தாளத்தில் தொடங்கி, ரயில் வந்து நிற்கிற மாதிரி முடியும். எல்லாம் அடங்கிய பிறகு, மிக உச்சத்தில், மிக மெல்லிசாக, கண்ணாடியில் தண்ணீர் விழுவது போல நாலு முறை ஒரு சத்தம் வரும். அதுதான் நாலு சொட்டு. அந்த இடம் வந்தால் எங்கள் கோஷ்டியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம். யாரும் சொல்லி வைத்ததில்லை, முப்பது வருடப் பழக்கம். அன்றைக்கும் மூடினோம். ரயில் நின்றது. காத்திருந்தோம். ஒரு சொட்டுகூட வரவில்லை. கண்ணைத் திறந்தால் மாஸ்டர் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்.

“முழுங்கிட்டாரு!” என்றார் அண்ணன். அந்தக் குரலில் கோபத்தைவிட வேதனைதான் அதிகம்.

கோஷ்டியிலிருந்த சின்ன வயசுக்காரர்கள், “வந்துச்சே சார், காதுல சுருக்குன்னு குத்துச்சே” என்றார்கள். எங்களுக்கே காது குத்துகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். மாஸ்டரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் புளுகுகிறார்கள் என்று முடிவு கட்டி, அண்ணன் ஒரு கடிதம் எழுதினார். ‘உங்களுக்குக் கை தளர்ந்துவிட்டது. இனி மேடை ஏற வேண்டாம். எங்கள் நினைவில் இருப்பதையாவது எங்களுக்கு விட்டுவையுங்கள்’ என்று இருந்தது அது. அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது கையெழுத்து என்னுடையது. பிழை திருத்துவது என் தொழில் என்பதால், கடிதத்தில் ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுத்தவனும் அடியேன்தான். வெட்கத்தோடு சொல்கிறேன், ‘விட்டுவையுங்கள்’ என்ற சொல் நான் போட்டது. அண்ணன் எழுதியிருந்தது அதைவிடச் சாதுவான சொல். திங்கட்கிழமை அது மாஸ்டரின் வீட்டுக்கு நேரில் போய்ச் சேருவதாக ஏற்பாடு.

டீச்சர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

“வாசிச்சாருண்ணே. கை கட்டைக்குப் போச்சு. நான் பார்த்தேன்.”

“பாட்டைக் கண்ணாலயா பாப்பா கேப்பாங்க?”

“அஞ்சாவது வரிசை, ஓரத்து சீட்டு. வலது கை மேல் கீபோர்டோட கடைசிக் கட்டைக்குப் போச்சு. மோதிர விரல். நாலு தடவை. எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

எல்லோரும் கண்ணை மூடியபோது இவர் மட்டும் ஏன் மூடவில்லை என்று பிறகொரு நாள் கேட்டேன். “என்ன சார் பண்றது, முப்பது வருஷமா அடுத்தவங்க விரலையே பார்த்துப் பொழைக்கிறேன். கண்ணு மூடச் சொன்னாலும் மூடாது” என்றார்.

அண்ணன் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போன் போட்டார். “நாலு சொட்டை நான் போடுறேன், வந்து கேளு. உனக்குக் கேட்டுச்சுன்னா நானும் கையெழுத்துப் போடுறேன்.” காதைச் சோதித்துக்கொள்ளச் சொல்லித் தங்கை பத்து வருடமாகக் கெஞ்சியும், “எனக்கென்ன செவிடா?” என்று தட்டிக்கழித்த மனிதர், பந்தயம் என்றதும் கடிதத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாட்சிக்கு நான்.

கிளினிக்கில் வேறு யாருமில்லை. அண்ணனைக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் கனமான கதவைச் சாத்தினார் டீச்சர். “சொட்டு விழும்போதெல்லாம் அமுக்கு. கேட்டா மட்டும்.” பழைய பதிவிலிருந்து கடைசி ஒரு நிமிடத்தைப் போட்டார். அண்ணன் கண்ணை மூடினார். ரயில் நின்றது. பச்சை விளக்கு பளிச், பளிச், பளிச், பளிச். இம்மி பிசகாமல் நாலு. உள்ளேயிருந்து அண்ணன் தலைவருக்கே உரிய சிரிப்போடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“இதோ இருக்கில்ல! கேசட்ல இருக்கு, கச்சேரியில இல்ல. போடு கையெழுத்த!”

டீச்சர் மைக்கை இழுத்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. “அண்ணே, உச்சத்துச் சத்தத்தையெல்லாம் வெட்டிட்டுத்தான் போட்டேன். இதுல சொட்டே கிடையாது.”

அண்ணனுக்கு ரோஷம் வந்தது. “சரி, சொட்டை மட்டும் போடு. பாட்டு வேண்டாம். நேரா சொட்டு.”

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கட்டைவிரல் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே. எனக்கு உள்ளூரப் பயம். இந்த மனிதருக்கு இருக்கிற வீம்புக்கு, குத்துமதிப்பாக நாலு அமுக்கு அமுக்கிவிடுவார் என்று நினைத்தேன். விளக்கு எரியவில்லை. ஒரு நிமிடம் போனது. அந்தக் கட்டைவிரல் அப்படியே நின்றது. அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு மடங்கானது.

“எப்ப பாப்பா போடப் போற?”

“போட்டு முடிச்சிட்டேண்ணே.”

வெளியே வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போன் அழுந்திய காதைத் தடவிக்கொண்டிருந்தார். டீச்சர் தண்ணீர் கொடுத்தார்.

“அம்பது தாண்டிட்டா எல்லாருக்கும் மேல்மாடி காலிதாண்ணே.”

“யாருக்குடி மேல்மாடி காலி?”

“உனக்கு, எனக்கு, இதோ சாருக்கு. கச்சேரி முடிஞ்ச மறுநாளே நான் உள்ள போய் உட்கார்ந்து பார்த்துட்டேன். எனக்கும் சொட்டு கேக்கல. பேச்சு கேக்கும், பாட்டு கேக்கும், அந்த உச்சம் மட்டும் போயிருச்சு. நமக்கே இப்படின்னா, அவருக்கு எழுபத்தி மூணு. அவருக்கு மட்டும் கேட்டிருக்கும்னா நினைக்கிறே? தனக்கே கேக்காத சத்தத்தை, இடம் தப்பாம, நாலு தடவை, அந்தச் சின்னப் பசங்க காதுக்காக வாசிச்சு வெச்சிட்டுப் போயிருக்காருண்ணே. எவ்வளவு பெரிய மனுஷன்! அவரைப் போய்க் கை தளர்ந்துடுச்சுன்னு எழுதுறோம்.”

குரலை உயர்த்தாத டீச்சர் அன்றைக்குக் குரலை உயர்த்தினார். கண் கலங்கியிருந்தாலும் முகம் முழுக்கப் பெருமைதான். சொந்த மகன் பரிசு வாங்கினாற்போல நின்றார். எனக்கும், மாஸ்டரின் ரசிகன் நான் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கூடவே, ஏழாவது கையெழுத்து நெஞ்சைக் குடைந்தது.

அண்ணன் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பிரித்தார். அறுபத்திரண்டு கையெழுத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு நாலாக, எட்டாக மடித்தார். என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார்.

“என்ன எழுதுறது பாப்பா?”

“கேட்டதை எழுது.”

“கேக்கலையே.”

“அப்ப பார்த்ததை எழுது.”

“பார்க்கலையே. கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே.” பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தார். “நீதானே பார்த்தே? நீ போய் உள்ள உட்காரு. அவரு எப்படி வாசிச்சாருன்னு காட்டு. அதைப் பார்த்து நான் எழுதுறேன்.”

டீச்சர் மறுக்கவில்லை. கூண்டுக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணன் இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதையும் வெட்டாமல் முழுப் பதிவையும் போட எந்தச் சுவிட்ச் என்று டீச்சர் சைகையில் காட்டினார். அண்ணன் மைக்கை இழுத்து, கெத்தாக, “கேட்டா மட்டும் அமுக்கு பாப்பா. யாரையும் ஏமாத்தக் கூடாது” என்றார். உள்ளே டீச்சர் சிரித்தார்.

ரயில் ஓடியது. மெல்ல மெல்ல நின்றது. முப்பது வருடமாக, கேட்காத சத்தத்துக்கு அமுக்கிய ஒருவரையும் மன்னிக்காத காது டீச்சர், கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலை விட்டுவிட்டு, மோதிர விரலால், நிதானமாக, நாலு முறை அமுக்கினார்.