அண்ணன் சொன்ன சாட்சி

நகரப் பேருந்து ஓட்டிய அவளுக்கு டிப்போவில் இருந்த தமிழர்கள் வைத்த பெயர் தொட்டில். அவ்வளவு பதமாகப் பிரேக் போடுவாள். தூங்கிப்போய் இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டவர்கள் அவளைத்தான் திட்டுவார்கள்.

கல்யாணமாகி அந்த நாட்டுக்கு வந்தவள். மகள் அங்கேயே பிறந்தாள். கணவன் அங்கேயே செத்தான். அவளிடம் இருந்தது நிரந்தர வசிப்புரிமை மட்டும். குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னால், “எங்க ஓடப்போகுது, பாத்துக்கலாம்” என்பாள்.

ஊரில் அம்மா பக்கவாதத்தில் விழுந்ததும், மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் விடுப்பில் போனாள். அண்ணன் வீட்டில், கார் நிறுத்தும் கொட்டகையில், மடக்குக் கட்டிலில் அம்மா கிடந்தாள். முதுகெல்லாம் புண்.

“அண்ணிக்கு அந்த வாடை ஒத்துக்கல. என்னை என்ன பண்ணச் சொல்ற?” என்றான் அண்ணன்.

இன்றோ நாளையோ என்று டாக்டர் சொன்ன உயிர் மூன்று வருடம் இழுத்தது. அவள் அங்கேயே இருந்து துடைத்தாள், புரட்டிப் படுக்க வைத்தாள், ஊட்டினாள். அம்மா போனதும் திரும்பி வந்தவளை விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு காலம் வெளியே இருந்ததால் வசிப்புரிமை ரத்து.

மேல்முறையீடு செய்தாள். அது முடியும்வரை இருக்கலாம் என்றார்கள். டிப்போவிலும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். வக்கீல் ஒரே வழிதான் சொன்னார்: அம்மாவைப் பார்க்க வேறு ஆளில்லை என்று நிரூபித்தால் தீர்ப்பாயம் இரக்கம் காட்டும். அதை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

“இதுக்குப் போய் கெஞ்சுவியா? சொல்றேன்மா” என்றான் அவன் போனில்.

விசாரணை நாளில் திரையில் தோன்றினான். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் மனைவியின் அண்ணன்.

அம்மாவைக் கவனிக்க வேறு யாராவது இருந்தார்களா என்று நடுவர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அண்ணன் ஓரக்கண்ணால் மைத்துனரைப் பார்த்தான்.

“நான் இருக்கேனே சார். அம்மாவ ஒருநாளும் நான் கைவிட்டதில்ல.”

“அப்படியானால் உங்கள் தங்கை ஏன் தங்கினார்?”

“வீட்டுக்காரர் போனதுலேருந்து அவளுக்கு மனசு சரியில்ல. ஓய்வுக்காக வந்து இருந்தா. நாங்களும் போன்னு சொல்லல.”

அவள் எழுந்துவிட்டாள். “அண்ணா, அம்மா முதுகு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவையாவது பாத்தியா?”

மொழிபெயர்ப்பாளர் அதையும் ஏற்றஇறக்கமில்லாமல் மாற்றிச் சொன்னார். சாட்சியை மிரட்டக் கூடாது என்று நடுவர் அவளை உட்காரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் போனில் கூப்பிட்டான். “கோவிச்சுக்காத. மச்சான் பக்கத்துலயே உக்காந்திருந்தார். பெத்த தாய நான் கொட்டகையில போட்டேன்னு அவர் முன்னாடி எப்படிச் சொல்றது? ஊருல தலைகாட்ட முடியுமா? உனக்கென்ன, இங்க வந்துடு. நான் இருக்கேன்ல.”

மனு தள்ளுபடியானது. தீர்ப்பில் சட்டப் பிழை எதுவும் இல்லை, மேலே போய்ப் பயனில்லை என்றார் வக்கீல். சீருடையைத் துவைத்து மடித்து டிப்போவில் ஒப்படைத்தாள். விமான நிலையத்தில் மகள் அழவில்லை, “நீ பாட்டிக்காக இருந்த. எனக்காக இருக்க முடியல இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

ஊரில் அண்ணனே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். மாடியில் ஓர் அறை ஒதுக்கினார்கள். பேருந்து ஓட்டப் போகிறேன் என்றதற்கு, “எங்க மானத்த வாங்காத” என்றாள் அண்ணி.

வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவான். “பாவம், அவளுக்குன்னு யாருமில்ல. நான்தான் வெச்சுப் பாத்துக்கறேன்.”

“இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா” என்றார் ஒருவர்.

அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாங்க” என்றாள்.