கரடி ஊருக்கு வராத கரடிமுடி

நம்மூரில் வீட்டைப் பூட்டுவோம். நான் இப்போது இருக்கும் ஊரில் குப்பைத் தொட்டியைப் பூட்டுகிறார்கள். கனடாவின் மேற்குக் கோடியில், மலையை ஒட்டிய சின்ன ஊர். கொக்கி போட்ட தொட்டியை விடிந்த பிறகுதான் தெருவுக்கு உருட்டி வரவேண்டும். முந்தின ராத்திரியே வைத்தால் கரடி வரும், பின்னாலேயே அபராதமும் வரும். ஊரில் நகைக்குக் கொடுக்காத காவலை இங்கே வாழைப்பழத் தோலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நெல்லைச் சீமையின் விக்கிரமசிங்கபுரத்தில் நான் வளர்ந்தபோது கரடி எங்கள் வாயில்தான் அதிகம் நடமாடியது. ஒருவன் பொய் அளந்தால் ‘கரடி விடுதான்’ என்போம். இரண்டு பேர் அந்தரங்கமாகப் பேசும் இடத்தில் மூன்றாவது ஆள் தலையை நீட்டினால் அவன் சிவபூசையில் நுழைந்த கரடி. நெஞ்சு நிறைய முடி வைத்திருந்த பஸ் கண்டக்டர் ‘கரடி அண்ணாச்சி’. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே சில்லறை கொடுப்பார். பழைய ஆட்கள் சிலம்பம் பழகும் இடத்தைக்கூடக் கரடிக்கூடம் என்பார்கள். இத்தனை வேலை பார்த்த சொல்லுக்குள் பல்லும் நகமும் உள்ள ஒரு பிராணி இருப்பதை, நிஜக் கரடிகள் மலையிறங்கித் தெருவுக்குள் வரத் தொடங்கிய பிறகுதான் ஊர் நினைத்துப் பார்த்தது.

என் மகள் பவித்ரா இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவள் பள்ளிப் பேருந்துக்குப் போகும்போது, எதிர்வீட்டுத் தொட்டியைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருந்த கறுப்புக் கரடி ஒன்று நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவ்வளவுதான். அது தன் பாட்டுக்குப் போய்விட்டது. பயம் மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. குளியலறைக்குத் தனியாகப் போகமாட்டாள். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளியில் போய்ச் சொன்னேன். பிள்ளைகளின் மனக்குறை கேட்கும் கவுன்சிலர் அம்மையார் நல்ல மனுஷி. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு அலமாரியைத் திறந்து, பஞ்சு அடைத்த கரடிப் பொம்மை ஒன்றை எடுத்து நீட்டினார். “பயம் வரும்போது இதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”

“அவள் பயப்படுவதே கரடிக்குத்தான்” என்றேன்.

“இது டெடி” என்றார், அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்பதுபோல. பவித்ரா அந்தப் பொம்மையைக் கார் டிக்கியிலிருந்து வெளியே எடுக்கவே விடவில்லை.

மனசு கேட்காமல் ஊரில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன்.

“ஏலே, கரடி விடாதல. கனடாவுல எங்கனலே தெருவுக்குள்ள கரடி வரும்?”

“நெசம்க்கா. இது நம்ம பாபநாசம் மாதிரி மலையடிவாரம்.”

“பிள்ளை பயந்திருக்கான்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? கரடிமுடித் தாயத்து ஒண்ணு கட்டுனா எல்லாம் சரியாப் போவும்.”

பின்னாலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். “மாப்ளே, அது கரடிமுடியா எருமைவால் முடியான்னு அந்தக் கரடிக்கே தெரியாது வே!”

“நீங்க சும்மா கெடங்க” என்று அவரை அடக்கிவிட்டு, அக்கா பவித்ராவிடம் பேசினாள். சின்ன வயதில் தெருவுக்குக் கரடி கூட்டிவந்தவர் தன்னை அதன் முதுகில் உட்கார வைத்ததையும், அன்றோடு பயம் தெளிந்ததையும் சொன்னாள். “அத்தை தாயத்து அனுப்புதேன். இடுப்புல கட்டிக்கோ. பயம் உன் பக்கத்துல அண்டாது.” பல நாள் கழித்து என் பிள்ளை அன்றைக்குத்தான் சிரித்தாள். தினமும் தபால் பெட்டியை எட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

தபால் வரவில்லை, சுங்க அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பொட்டலத்தோடு வந்த சுங்கப் படிவத்தில் முறுக்கு, பருப்புப்பொடி வரிசையில் ‘கரடி முடி’ என்றும் எழுதி, அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள். கூரியர் கடைக்காரர் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லையாம். “பொய் எழுதி அனுப்புன தாயத்து பலிக்குமாலே?” என்று பிறகு என்னிடமே கேட்டாள்.

“இது உண்மையிலேயே கரடியின் முடியா?” என்றார் அதிகாரி. எருமை முடி என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். அத்தான் வாக்கும் துணைக்கு இருந்தது. ஆனால் பவித்ரா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்று நான் சொன்ன கணமே அந்தத் தாயத்து செத்துவிடும்.

“ஆமாம். குழந்தையின் பயத்துக்கு.”

“கரடியை விரட்டவா? அதற்குக் கடையில் ஸ்ப்ரே கிடைக்கிறதே.”

“கரடியை விரட்ட இல்லை. பயத்தை விரட்ட.”

பொட்டலம் அழிக்கப்படும், இது எச்சரிக்கை, அடுத்த முறை வழக்கு என்று மரியாதையாகவே சொன்னார். முடிக்காகக் கரடியைத் தொந்தரவு செய்வது தப்புதான். சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்கு எரிந்தது வேறு. பயந்த பிள்ளைக்குப் பஞ்சுக் கரடியைக் கொடுத்தால் அது சிகிச்சை. என் அக்கா கயிற்றில் கோத்து அனுப்பினால் மூடத்தனம். இதை அவருக்குப் புரியும்படி சொல்ல என்னிடம் இருந்த இங்கிலீஷ் போதவில்லை. தமிழில் சொன்னால் கேட்க ஆள் இல்லை.

பவித்ரா அழுதாள். அக்கா வீடியோவில் வந்தாள். “போவுது விடு மக்கா. மலையிலருந்து எங்க தெருவுக்குக் கரடி எறங்கி வந்தப்ப என் இடுப்புல என்ன தாயத்தா இருந்துச்சு? தட்டு ஒண்ண எடுத்துத் தட்டுனேன். ‘ஏலே, வந்த வழியப் பாத்துப் போலே’ன்னு ஒரு சத்தம். அது பாட்டுக்குப் போயிட்டு.”

மறுநாள் காலையில் பவித்ரா தானாகவே செருப்பை மாட்டினாள். ஒரு கையில் என் விரல். நகம் பதியும் பிடி. நடைபாதையில் முன்னால் போன பிள்ளைகள், கரடி விலகிப் போகப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி, “ஹே பேர்! ஹே பேர்!” என்று கூவிக்கொண்டே போனார்கள். இவள் மரங்களைப் பார்த்து, நடுங்கும் குரலில், “ஏலே கரடி, வந்த வழியப் பாத்துப் போலே!” என்றாள். கொஞ்ச தூரம் போனதும் நின்றாள்.

“அப்பா, இந்தக் கரடிக்குத் தமிழ் தெரியுமா?”

பதிலுக்குக் காத்திராமல் என் விரலை இழுத்தாள்.

“நீங்களும் சத்தம் போடுங்கப்பா.”

இந்த ஊர்த் தெருவில் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, எந்த மொழியிலும். மகள் அண்ணாந்து காத்திருந்தாள். மரங்களைப் பார்த்து வாயைத் திறந்தேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது.