போதும் என்றாலும் நிறுத்தாத பெஸ்னா

எனக்கு மட்டிக்காரர்களைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இஸ்தான்புல்லில் காதிகொய் மதுக்கடைத் தெருவில் குடல் சூப் விற்கிறவன் நான். பீர் குடித்துவிட்டு நள்ளிரவில் வெளியே வருகிறவனுக்கு நாக்கு உப்பும் புளிப்பும் கேட்கும். என் கடைக்குள் வந்து உட்கார வேண்டிய அந்த நாக்கை வாசலிலேயே மறித்துவிடுகிறான் மட்டிக்காரன். கடல் மட்டியின் கறுப்பு ஓட்டைத் திறப்பான், உள்ளே சதையோடு அடைத்து வேகவைத்த சோற்றின்மேல் எலுமிச்சையைப் பிழிவான், நீட்டுவான். தின்று முடிப்பதற்குள் அடுத்தது தயார். நீங்கள் 'போதும்' என்று சொல்கிறவரை அவன் கை நிற்காது. தொழிலின் வழக்கம் அப்படி. ஒன்றே ஒன்று என்று நின்றவன் ஓட்டுக் குவியலைப் பார்த்துத் திடுக்கிடுவான். அதற்குமேல் அவன் வயிற்றில் என் சூப்புக்கு ஏது இடம்?

அப்படிப்பட்ட நானே பெஸ்னாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாட்டின் தென்கிழக்கே, மார்தின் பக்கம் ஒரு வறண்ட மலைக் கிராமம் அவளுடையது. கல்யாணமாகி இஸ்தான்புல் வந்த பிறகுதான் கடலையே பார்த்தாள். கடல் இல்லாத அந்த மார்தின்காரர்கள் கையில்தான் எங்கள் ஊர் மட்டித் தொழிலில் பெரும்பங்கு இருக்கிறது. முன்பு இது ஆர்மீனியர் வீட்டுச் சமையல் என்பார்கள். பெஸ்னா குடிவந்த சந்தில் அரக்ஸி என்று ஓர் ஆர்மீனியப் பெண் இருந்தாள். வெங்காயம் எவ்வளவு வதங்க வேண்டும், உலர்திராட்சை எவ்வளவு, பட்டை எவ்வளவு என்று இருவரும் தினமும் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் பிறந்த ருசிதான் பெஸ்னாவின் ருசி. எனக்கு ஆகாதவர்களின் பண்டம்தான், ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், அருமையான ருசி.

கல்யாணமான நாள் முதல் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கத்தியால் மட்டி திறந்தாள், சோறு நிரப்பினாள், வேகவைத்தாள். புருஷன் வெய்சி தட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு எதிர்மூலையில் நின்று விற்றான். தன் கையால் நிரப்பியதைத் தின்கிற ஒரு முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. "எப்படித் தின்னாங்க? என்ன சொன்னாங்க?" என்று அவள் தினமும் கேட்பாளாம். "தின்னாங்க" என்பானாம் இந்த மடையன்.

போன வசந்தத்தில் வெய்சி ஈரப் படிக்கட்டில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மூலை சில இரவுகள் காலியாகக் கிடந்தது. எங்கள் தெருவில் மூலைக்குப் பட்டா கிடையாது. யார் தட்டு நிற்கிறதோ அவன் மூலை. பக்கத்துத் தெருவில் மட்டி விற்கிற ஜெமில், அவனும் மார்தின்காரன்தான், சொல்லி அனுப்பினான்: "சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச். அந்த மூலையில என் தட்டு நிக்கும்." அந்த மூலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

சனிக்கிழமை ராத்திரி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது பெஸ்னா! வெய்சி கட்டுப்போட்ட கையோடு என் கடைக்குள் ஒளிந்துகொண்டான்.

"நெஜாதி அண்ணே, சொன்னா கேக்க மாட்டேங்கிறா. குடிகாரப் பயலுங்க நடுவுல பொம்பளை..."

"நீ நடுங்காம சூப்பைக் குடி. காசு குடுத்துட்டுக் குடி" என்றேன்.

ஜெமிலும் வந்தான். அவள் தட்டுக்கு இரண்டடி தள்ளித் தன் தட்டை வைத்தான். பெஸ்னா முகம் மலர்ந்து, ஒரு மட்டியைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"வேணாம் அண்ணி. வயிறு ரொம்பிக் கிடக்கு" என்று பின்வாங்கினான்.

ரொம்பவும் இல்லை, ஒன்றும் இல்லை. மார்தின் பக்கத்தில் ஒருவர் கையால் உப்பைத் தின்றுவிட்டால், பிறகு அவர் பிழைப்பில் கைவைக்கக் கூடாது. பயலுக்கு அது நன்றாகவே தெரியும்.

மேட்ச் முடிந்தது. எங்கள் அணியின் சட்டை நிறத்தில், மஞ்சளும் நீலமுமாகத் தெருவே கத்திக்கொண்டு வந்தது, ஜெயித்துவிட்டோம்! முதலில் வந்த தடியன் ஒருவன் பெஸ்னா முன்னால் நின்றான். தின்றான், தின்றான், வாயைத் துடைத்துக்கொண்டு "போதும் அண்ணி" என்றான்.

"என்ன போதும்? இன்னும் ஒண்ணு" என்று நீட்டினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் 'போதும்' என்றால் போதும். ஆனால் மார்தின் வீடுகளில் விருந்தாளி முதல் தடவை சொல்கிற 'போதும்' வெறும் மரியாதை. அதை நம்பிக் கையை இழுத்துக்கொண்டால் வீட்டுக்காரிக்கு அவமானம். அவளுக்குத் தெரிந்தது வீடுதான்.

"இல்ல அண்ணி, நிஜமாவே போதும்."

"இந்த உடம்புக்கு இது பத்துமா? வாயத் திற."

திறந்தான்! கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜெமில் அங்கிருந்தே கத்தினான். "அண்ணி, இது உங்க வீட்டுக் கூடம் இல்ல! காசு கேளு, காசு!"

"அவர் கேட்டுத் தின்னதுக்கு வாங்குவேன். நான் ஊட்டுனதுக்கு எப்படிக் காசு வாங்குறது? வெக்கமா இல்ல?"

என் பக்கத்தில் வெய்சி தலையில் கைவைத்துக்கொண்டான். "போச்சு அண்ணே. மொத்தத்தையும் தர்மம் பண்ணப்போறா."

அந்தத் தடியன் மட்டும் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்துல இன்னும் ஒண்ணு தின்னுன்னு யாருமே சொன்னதில்ல, அண்ணி" என்றான். குடித்தவன் பேச்சுதான். அவன் தெருவைப் பார்த்துக் கூவினான்: "டேய், எல்லாரும் இங்க வாங்கடா! இந்த அண்ணிகிட்ட போதும்னு சொல்லிட்டுத் தப்பிச்சுப் போங்க பாக்கலாம்!"

அவ்வளவுதான். கூட்டம் என் கடை வாசல்வரை வளைந்தது. என் வாடிக்கைக்காரர்கள் சூப்பைப் பாதியில் விட்டு எழுந்து ஓடினார்கள். நானும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன், எதற்கு மறைக்க வேண்டும்? பெஸ்னா ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றால் இவளும் வாயை அசைத்தாள். "காரம் சரியா இருக்கா? திராட்சை தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கே துள்ள வேண்டும் போலிருந்தது.

ஜெமிலின் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றான்.

"நிறுத்து அண்ணி! போது..."

'ம்' வரவில்லை. திறந்த வாய்க்குள் மட்டி போய்விட்டது.

ஜெமில் துப்பலாம். ஆனால் அவன் காலையிலிருந்து பட்டினி, உள்ளே போனது பெஸ்னாவின் மட்டி. கண்ணை உருட்டினான். மெதுவாக மென்றான். விழுங்கினான்.

"பட்டை கொஞ்சம் கூடவோ?" என்று பெஸ்னா கவலையாகக் கேட்டாள்.

"இல்ல அண்ணி" என்றான். "சரியா இருக்கு."

திரும்பிப் போய்த் தன் தட்டைத் தூக்கினான். என் பின்னாலேயே ஓடிவந்திருந்த வெய்சி என் தோளை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான், அழுதான்.

ஜெமில் இரண்டடி போய் நின்றான். "அண்ணி, என் எலுமிச்சை எல்லாம் காஞ்சு போச்சு. ஒண்ணு குடு, நான் என் தெருவுக்கே போயிடறேன்."

பெஸ்னா இரண்டு கொடுத்தாள்.